சேற்றிலும் நிற்காத கால்கள்

நுழையும் முன்

உடல் நலமாக இருக்கும்போதும் வானம் தெளிந்திருக்கும்போதும் உழைப்பது எளிது. மழை பெய்யும் நாளிலும், நோயுற்று எழுந்த வாரத்திலும், பிறர் நகைக்கும் வேளையிலும் எடுத்த செயலைத் தொடர்வது அரிது. அவ்வாறு தொடர்ந்த நெடுந்தொலைவு ஓட்டவீரர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. ஒவ்வொரு தடையின்போதும் அவர் என்ன செய்தார் என்பதைக் கவனித்துப் படிக்க.

காலணி ஆலைச் சிறுவன்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு இருந்தது. இன்று அது செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரு நாடுகளாக விளங்குகிறது. அந்நாட்டின் மொராவியாப் பகுதியில் உள்ள கோப்ரிவ்னிட்சே என்னும் சிற்றூரில் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் எமில் ஜாட்டோபெக் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாளி. குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. பிள்ளைகள் வளர்ந்ததும் ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது.

எமிலும் பதின்ம வயதிலேயே வீட்டைப் பிரிந்து ஸ்லீன் என்னும் தொழில்நகருக்குச் சென்றார். அங்கே இருந்த பாட்டா காலணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் நாட்டில் கொல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் என்னும் ஊர் உருவாகக் காரணமாக இருந்ததும் அதே நிறுவனமே. பகலெல்லாம் ஆலையில் வேலை, மாலையில் தொழிற்கல்வி. இதுவே அச்சிறுவனின் அன்றாட வாழ்க்கை. ஓட்டத்தைப் பற்றி அவர் கனவிலும் எண்ணியதில்லை.

விருப்பமில்லாமல் ஓடிய முதல் ஓட்டம்

1941ஆம் ஆண்டு ஸ்லீன் நகரில் ஓட்டப்பந்தயம் ஒன்று நடைபெற்றது. அதில் ஓடுமாறு எமிலுக்கும் வேறு சில இளைஞர்களுக்கும் ஆலையின் பயிற்றுநர் கட்டளையிட்டார். எமிலுக்குச் சிறிதும் விருப்பமில்லை. தம் உடலில் வலுவில்லை என்று சொல்லித் தப்பிக்க முயன்றார். பயிற்றுநர் விடவில்லை, மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். மருத்துவரோ எமிலின் உடலில் ஒரு குறையும் இல்லை என்று சான்றளித்துவிட்டார். வேறு வழியின்றி எமில் ஓடினார். ஏறத்தாழ நூறு பேர் ஓடிய அப்பந்தயத்தில் அவர் இரண்டாவதாக வந்தார்.

அன்று முதல் ஓட்டம் அவரைப் பற்றிக்கொண்டது. உள்ளூர் விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து முறையாகப் பயிற்சி பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1944ஆம் ஆண்டில், 2,000 மீட்டர், 3,000 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய மூன்று தொலைவுகளிலும் தம் நாட்டின் சாதனைகளை முறியடித்தார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. நாடு செருமனியின் பிடியில் இருந்தது. போர் முடிந்தபின் எமில் இராணுவத்தில் சேர்ந்தார்.

1946ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நேச நாடுகளின் படைவீரர்களுக்கான விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. தொடக்க அணிவகுப்பில் மற்ற நாடுகளின் வீரர்கள் வரிசை வரிசையாக நடந்து சென்றனர். செக்கோஸ்லோவாக்கியாவின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் எமில் ஒருவரே நடந்து வந்தார். அதைக் கண்ட கூட்டம் சிரித்தது. பின்னர் 5,000 மீட்டர் ஓட்டம் நடந்தது. மற்றவர்களை நெடுந்தொலைவு பின்னுக்குத் தள்ளி எமில் வென்றபோது, சிரித்த கூட்டமே எழுந்து நின்று ஆரவாரித்தது.

விரைவும் இளைப்பாறலும்

நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் நெடுந்தொலைவு ஓடியே பயிற்சி பெறவேண்டும் என்பது அக்காலத்துப் பலரின் கருத்து. எமில் வேறு விதமாக எண்ணினார். மெதுவாக ஓடுவது தமக்கு முன்பே தெரியும். விரைவாக ஓடத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம்.

எனவே நீண்ட தொலைவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார். 400 மீட்டரை விரைந்து ஓடுவார். அடுத்த 200 மீட்டரை மெல்ல ஓடியபடியே இளைப்பாறுவார். மூச்சு முழுவதும் அடங்குவதற்குள் மீண்டும் 400 மீட்டர் விரைந்து ஓடுவார். இவ்வாறு ஒரே நாளில் 20 முறை ஓடினார். பிற்காலத்தில் அதை 40 முறையாக உயர்த்தினார். விரைந்து ஓடிய பகுதியை மட்டும் கணக்கிட்டாலே அது 16 கிலோமீட்டர் ஆகும். இதனை இன்று இடைவெளிப் பயிற்சி என்பர். எமிலுக்கு முன்பே சிலர் இம்முறையைக் கையாண்டிருந்தனர். ஆயினும் இவ்வளவு கடுமையாகவும் இடைவிடாமலும் அதைச் செய்து உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தவர் அவரே.

இப்பயிற்சியின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. 10,000 மீட்டரையும் ஒருவரால் ஒரே மூச்சில் மிகுந்த விரைவோடு ஓட இயலாது. 400 மீட்டரை அவ்வாறு ஓட இயலும். இடையில் சிறிது இளைப்பாறினால் மீண்டும் ஒருமுறை ஓடலாம். இப்படிப் பலமுறை ஓடும்போது, இதயமும் நுரையீரலும் கால்தசைகளும் உயர்ந்த விரைவுக்கு மெல்ல மெல்லப் பழகிவிடுகின்றன. பெரிய பாரத்தைப் பல நடைகளாகச் சுமந்து செல்வது போன்றது இது.

மழை, பனி, காவல் பணி

எமிலின் நாட்டில் குளிர்காலம் நீண்டது. பனி உறைந்து கிடக்கும். அது உருகும்போது பாதையெங்கும் சேறாகும். இராணுவ வீரருக்குப் பகலில் கடமைகள் பல உண்டு. நல்ல வானிலைக்கும் ஓய்வு நேரத்துக்கும் அவர் காத்திருந்தால், ஆண்டில் பாதி நாட்கள் பயிற்சியின்றியே கழிந்திருக்கும்.

தடை எதுவாயினும் எமில் அதற்கேற்பப் பயிற்சியின் வடிவத்தை மாற்றிக்கொண்டார். ஓடுதளம் பனியில் மூழ்கியபோது காட்டுப் பாதையில் ஓடினார். அங்கே மெல்லிய ஓட்டக்காலணி சறுக்கியது. எனவே கனமான இராணுவக் காலணியை அணிந்துகொண்டார். கனத்த காலணியோடு சேற்றிலும் பனியிலும் ஓடிப் பழகிய கால்களுக்கு, போட்டி நாளில் மெல்லிய காலணி இறகுபோல் இலேசாக இருந்தது. பகலில் நேரம் கிடைக்காதபோது இரவில் கைவிளக்கு ஏந்தி ஓடினார். காவல் பணியில் ஓரிடத்திலேயே நிற்கவேண்டி வந்தபோது, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி உயர்த்தி ஓடினார். வீட்டில் துணி துவைக்கும் முறை வந்தபோது, குளியல் தொட்டியில் துணிகளை ஊறவைத்து அவற்றின்மேல் நின்று ஓடினார் என்றும் கூறுவர். துணியும் வெளுத்தது, பயிற்சியும் முடிந்தது.

அவருடைய சோதனைகளில் சில அளவு கடந்தவை. நாள்தோறும் நடந்து செல்லும் வழியில் நெட்டிலிங்கம் போன்று உயர்ந்த மரங்கள் வரிசையாக நின்றன. குறிப்பிட்ட மரம்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பார். ஒவ்வொரு நாளும் அத்தொலைவை ஒரு மரம் அளவு கூட்டுவார். ஒருநாள் மூச்சு முட்டி மயங்கியே விழுந்துவிட்டார். ஊக்கத்துக்கும் அளவு வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகும்.

அவர் ஓடும் காட்சியும் அழகாக இராது. தலை ஒருபுறம் சாயும். முகம் வலியால் துடிப்பவரைப்போல் கோணும். மூச்சு இரைக்கும் ஒலி அருகில் ஓடுவோருக்குக் கேட்கும். இதனைப் பலர் கேலி செய்தனர். எமில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓட்டத்தில் மதிப்பெண் அழகுக்கு இல்லை, நேரத்துக்கே என்பதை அவர் அறிந்திருந்தார்.

இலண்டனில் பெய்த மழை

1948ஆம் ஆண்டு இலண்டன் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. எமில் அவ்வாண்டில்தான் 10,000 மீட்டர் ஓட்டத்தைப் போட்டிகளில் ஓடத் தொடங்கியிருந்தார். அத்தொலைவில் உலக சாதனை படைத்திருந்த பின்லாந்து வீரர் ஹெய்னோவும் களத்தில் இருந்தார். எமில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஒவ்வொரு சுற்றையும் 71 விநாடியில் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதன்படி ஓடினால் வெள்ளைத் துணியையும், பின்தங்கினால் சிவப்புத் துணியையும் பார்வையாளர் வரிசையிலிருந்து நண்பர் ஒருவர் காட்டவேண்டும். சிவப்புத் துணி தெரிந்தவுடன் எமில் விரைந்தார். அவ்விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் ஹெய்னோ இடையிலேயே விலகிவிட்டார். எமில் 29 நிமிடம் 59.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

அடுத்தது 5,000 மீட்டர். அதன் தகுதிச்சுற்றில் எமில் ஒரு பிழை செய்தார். முன்னணியில் ஓடிய அனைவரும் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெறும் நிலையில் இருந்தனர். ஆயினும் சுவீடன் வீரர் ஒருவரோடு போட்டியிட்டு, தேவையின்றி முழு விரைவில் ஓடி ஆற்றலைச் செலவிட்டுவிட்டார்.

ஆகஸ்டு 2ஆம் நாள் இறுதிப்போட்டி. அன்று இலண்டனில் பெருமழை பெய்தது. அக்காலத்து ஓடுதளம் இன்றுள்ளதுபோல் செயற்கைப் பொருளால் ஆனதன்று. எரிந்த நிலக்கரியின் சாம்பல்கட்டிகளைப் பரப்பி இறுக்கியது. மழைநீர் தேங்கி அது முழுவதும் சேறாகியிருந்தது. பெல்ஜிய வீரர் காஸ்டன் ரெய்ஃப் முந்திச் சென்றார். எமில் நெடுந்தொலைவு பின்தங்கினார். கடைசிச் சுற்றுக்கான மணி ஒலித்தபோது அவர் வெல்வார் என்று எவரும் எண்ணவில்லை. அந்நிலையில் எமில் சேற்றை வாரி இறைத்தபடி பாய்ந்தார். இரண்டாவதாக ஓடியவரைக் கடந்தார். ரெய்ஃபை நெருங்கினார். இன்னும் சில அடிகள் இருந்திருந்தால் அவரையும் கடந்திருப்பார். ஆனால் எல்லைக்கோடு வந்துவிட்டது. ரெய்ஃபின் நேரம் 14 நிமிடம் 17.6 விநாடி, எமிலின் நேரம் 14 நிமிடம் 17.8 விநாடி. இடைவெளி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

எமில் மழையைக் குறை கூறவில்லை. அதே மழையில்தான் ரெய்ஃபும் ஓடினார். பாய்ச்சலைத் தாமதமாகத் தொடங்கியதே தோல்விக்குக் காரணம் என்பது தெளிவாக இருந்தது. அவர் ஊர் திரும்பி முன்னிலும் கடுமையாகப் பயிற்சி செய்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் எமிலுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் டானா ஈட்டி எறியும் வீராங்கனை. இருவரும் ஒரே ஆண்டில் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது வியப்பான ஒற்றுமை.

நோய்ப்படுக்கையிலிருந்து களத்துக்கு

1950ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஐரோப்பிய வாகையர் போட்டி நடைபெற இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் எமில் உட்கொண்ட உணவு நஞ்சாகி, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடல் நீரை இழந்து தளர்ந்தது. அவர் போட்டிக்குச் செல்வாரா என்பதே ஐயமாயிற்று.

ஆனால் அவர் சென்றார். 10,000 மீட்டரில் இரண்டாம் இடம் பெற்ற பிரான்சு வீரர் அலேன் மிமூனைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னதாக வந்து வென்றார். 5,000 மீட்டரில் 23 விநாடி இடைவெளியில் வென்றார். நோயால் இழந்த சில நாட்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ஆற்றலை அழித்துவிடவில்லை. சிறுகச் சிறுகச் சேமித்த செல்வம் இடர்க்காலத்தில் கைகொடுப்பது போல, நாள்தோறும் செய்த பயிற்சி அன்று அவருக்குக் கைகொடுத்தது.

1951ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அவர் மற்றொரு அரிய செயலைச் செய்தார். ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடினார். ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவரே.

ஹெல்சிங்கியில் மூன்று தங்கம்

1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் நடைபெற்றன. எமில் இளமையில் வியந்து போற்றிய ஓட்டவீரர் பாவோ நூர்மி பிறந்த நாடு அது. ஆனால் அவ்வாண்டின் முற்பகுதியில் எமிலை நோய்த்தொற்று வாட்டியது. ஓடினால் உடலுக்குத் தீங்கு நேரும் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். எமில் அதை மீறியே களத்துக்குத் திரும்பினார். அது நல்ல முடிவாக அமைந்தது அவருடைய நற்பேறு. காய்ச்சலோடு கடும்பயிற்சி செய்வது இதயத்தைத் தாக்கக்கூடும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. எமிலின் உறுதியைப் போற்றலாம். மருத்துவர் சொல்லை மீறியதைப் பின்பற்றுதல் கூடாது.

புறப்படும் வேளையில் வேறொரு தடையும் வந்தது. யுங்விர்ட் என்னும் இளம் வீரரின் தந்தை அரசியல் காரணங்களுக்காகச் சிறையில் இருந்தார். அதனால் அந்த இளைஞரை ஒலிம்பிக்குக்கு அனுப்ப அரசு மறுத்தது. தந்தை செய்த செயலுக்கு மகனைத் தண்டிப்பது முறையாகாது என எமில் எண்ணினார். யுங்விர்ட் செல்லாவிட்டால் தாமும் செல்வதில்லை என உறுதியாக நின்றார். வீரர்களை ஏற்றிய விமானம் எமில் இல்லாமலேயே புறப்பட்டது. நோயிலிருந்து மீண்டு, ஆண்டுக்கணக்காக உழைத்துப் பெற்ற வாய்ப்பு கைநழுவிப் போகக்கூடிய நிலை. அவருக்குச் சிறைத்தண்டனையும் நேர்ந்திருக்கலாம். இறுதியில் அரசு இறங்கிவந்தது. சில நாட்களுக்குப் பின் இருவரும் ஹெல்சிங்கி சென்றனர்.

அங்கே சூலை 20ஆம் நாள் எமில் 10,000 மீட்டர் ஓட்டத்தை 29 நிமிடம் 17 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

சூலை 24ஆம் நாள் 5,000 மீட்டர். கடைசிச் சுற்றில் எமில் முந்தினார். ஆனால் உடனே மூவர் அவரைக் கடந்தனர். நான்காம் இடம். இலண்டனில் நேர்ந்ததே மீண்டும் நேருமோ என்று தோன்றியது. கடைசி வளைவில் எமில் வெளிப்புறமாகப் பாய்ந்தார். முன்னால் ஓடிய பிரிட்டன் வீரர் சாட்டவே தளத்தின் விளிம்பில் கால் இடறி விழுந்தார். மிமூனையும் செருமனி வீரர் ஷாடேயையும் கடந்து எமில் வென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேற்றில் தவறவிட்ட தங்கம் இப்போது கிட்டியது. அதே நாளில், ஏறத்தாழ அதே வேளையில், டானா ஈட்டி எறிதலில் 50.47 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார்.

இரண்டு தங்கம் போதும் என்று எமில் அமையவில்லை. அதற்கு முன் ஒருமுறைகூட ஓடியிராத மாரத்தான் ஓட்டத்தில் பெயர் கொடுத்தார். தொலைவு 42.195 கிலோமீட்டர். மாரத்தானில் அந்நாளில் உலகிலேயே விரைந்தவராக விளங்கிய பிரிட்டன் வீரர் ஜிம் பீட்டர்சைத் தேடிச்சென்று அவரோடு ஓடினார். வழியில், தாங்கள் ஓடும் விரைவு மிகுதியாக இல்லையா என ஆங்கிலத்தில் கேட்டார். களைத்திருந்த பீட்டர்சு அதை மறைத்து, இது மெதுவான ஓட்டமே என்று விளையாட்டாக விடையளித்தார். எமில் அதை உண்மை என்றே கொண்டு விரைந்து முன்னேறிவிட்டார். பீட்டர்சு பின்னர் தசைப்பிடிப்பால் ஓட்டத்தையே கைவிட்டார். எமில் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில் அரங்கினுள் நுழைந்தார். இரண்டாம் வீரர் வந்து சேர மேலும் இரண்டரை நிமிடம் ஆயிற்று. தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஜமைக்கா வீரர்கள் எமிலைத் தோளில் சுமந்து வலம் வந்தனர்.

ஒரே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர் அவர் ஒருவரே. அச்சாதனையை இன்றுவரை எவரும் நிகழ்த்தவில்லை.

உடல் சொன்ன எல்லை

1954ஆம் ஆண்டு 10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் வீரர் என்னும் பெருமையையும் எமில் பெற்றார். அவர் வாழ்நாளில் படைத்த உலக சாதனைகள் 18.

1956ஆம் ஆண்டு மெல்பேர்ன் ஒலிம்பிக்குக்கு அவர் ஆயத்தமானார். அகவை 34ஐ எட்டியிருந்தது. கால்களுக்கு மேலும் வலுவேற்ற எண்ணி, டானாவைச் சுமந்துகொண்டு ஓடினார். அளவு மீறிய அப்பயிற்சியால் தொடை இடுக்கில் காயம் உண்டாயிற்று. பல வாரம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வெளியே வந்தவுடன் மீண்டும் ஓடத் தொடங்கினார். ஆனால் இம்முறை உடல் இசையவில்லை. வெயில் கொளுத்திய மெல்பேர்னில் மாரத்தானை ஓடி முடித்து ஆறாவதாக வந்தார்.

அப்போட்டியில் தங்கம் வென்றவர் அலேன் மிமூன். முந்தைய இரு ஒலிம்பிக்குகளில் மூன்று முறை எமிலுக்கு அடுத்த இடமே பெற்றவர் அவர். வென்றபின் எல்லைக்கோட்டருகே எமிலுக்காகக் காத்து நின்றார். களைத்து வந்த எமில் தம் தோல்வியை மறந்து நண்பரை மனமாரத் தழுவிக்கொண்டார். வெற்றியைப் போலவே தோல்வியையும் ஏற்கக் கற்றவராக எமில் அன்று விளங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

நண்பருக்குக் கொடுத்த தங்கம்

எமிலுக்கு மொழிகளிலும் ஆர்வம் மிகுதி. தாய்மொழியான செக் மொழியோடு பல அயல்மொழிகளையும் தாமே முயன்று கற்றார். எந்நாட்டு வீரரைக் கண்டாலும் அவருடைய மொழியிலேயே பேச முயல்வார். அதனால் போட்டியாளர் பலர் நண்பர் ஆயினர்.

ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க் பல உலக சாதனைகள் படைத்தவர். ஆயினும் ஒலிம்பிக் தங்கம் அவருக்கு வாய்க்கவில்லை. 1966ஆம் ஆண்டு அவர் எமிலைக் காண வந்தார். விடைபெறும்போது விமான நிலையத்தில் எமில் ஒரு சிறு பொதியை அவரிடம் கொடுத்தார். விமானத்தில் அதைப் பிரித்துப் பார்த்த கிளார்க் திகைத்தார். 1952ஆம் ஆண்டு 10,000 மீட்டரில் எமில் வென்ற தங்கப்பதக்கம் அதில் இருந்தது.

பதவி போன பின்னும்

1968ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் மக்கள் கூடுதல் உரிமை வேண்டிக் குரல் எழுப்பினர். இராணுவ அதிகாரியாக இருந்த எமில் அவர்கள் பக்கம் நின்றார். ஆகஸ்டு மாதம் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் அயல்நாட்டுப் படைகள் நுழைந்தபோது அதை வெளிப்படையாகக் கண்டித்தார். விளைவாக இராணுவப் பதவியை இழந்தார். தலைநகரில் புகழோடு வாழ்ந்தவர், நிலத்தைத் துளையிட்டு ஆராயும் தொழிலாளர் குழுவோடு ஊர் ஊராகச் சென்று உடலுழைப்பில் ஈடுபட்டார். சில ஆண்டுகளில், ஆட்சியாளரின் நெருக்குதலுக்கு உட்பட்டுத் தம் பழைய கருத்துகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அவரை மதித்த சிலருக்கு வருத்தம் அளித்தது. சேற்றிலும் நோயிலும் தளராதவருக்கும் கடக்க முடியாத தொலைவு ஒன்று இருந்தது.

பிற்காலத்தில் அவர் கற்ற மொழிகள் அவருக்குத் துணை நின்றன. அயல்நாட்டு விளையாட்டு இதழ்களைப் படித்துச் செய்தி திரட்டும் பணி கிடைத்தது. ஆட்சி மாறியபின், 1990ஆம் ஆண்டு, அவர் இழந்த மதிப்பு திரும்ப அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தம் 78ஆம் அகவையில் பிராகா நகரில் எமில் காலமானார்.

எமில் பிறவியிலேயே ஓட்டவீரராகத் தோன்றியவர் அல்லர். ஓடமாட்டேன் என்று மருத்துவரிடம் சென்ற காலணித் தொழிலாளி அவர். நல்ல நாள் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைத்த நாளைப் பயிற்சிக்கு உரியதாக்கிக்கொண்டார். மழை பெய்தால் மழையில் ஓடினார். இடமில்லையென்றால் நின்ற இடத்தில் ஓடினார். ஒலிம்பிக் அரங்கில் உலகம் கண்டது சில நிமிட ஓட்டம். அதற்குப் பின்னால் எவரும் காணாத ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருந்தன.

சொல் அறிவோம்

தச்சர் – மரவேலை செய்பவர்
நேச நாடுகள் – போரில் ஒன்றுகூடி நின்ற நட்பு நாடுகள்
இளைப்பாறல் – களைப்பு நீங்க ஓய்வெடுத்தல்
வாகையர் – வெற்றி பெற்றவர்
ஐயம் – சந்தேகம்
இடர் – துன்பம்
அகவை – வயது
பொதி – சிறு கட்டு
நெருக்குதல் – வற்புறுத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எமில் முதல் ஓட்டத்திலிருந்து எவ்வாறு தப்பிக்க முயன்றார்?
2. இலண்டனில் வெள்ளைத் துணியும் சிவப்புத் துணியும் எவற்றை உணர்த்தின?
3. ஜிம் பீட்டர்சு அளித்த விடையை எமில் எவ்வாறு எடுத்துக்கொண்டார்?
4. ரான் கிளார்க் திகைத்ததற்குக் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. இடைவெளிப் பயிற்சியை உம் சொற்களில் விளக்குக.
2. மழை, பனி, காவல் பணி ஆகிய தடைகளை எமில் பயிற்சியாக மாற்றிய விதத்தை எழுதுக.
3. எமிலின் செயல்களில் பின்பற்றத் தக்கவை எவை? தகாதவை எவை? காரணம் கூறுக.

இ. பிரித்து எழுதுக.
1. ஓட்டப்பந்தயம் 2. நெடுந்தொலைவு 3. பெருமழை 4. தங்கப்பதக்கம் 5. உடலுழைப்பு

ஈ. எதிர்ச்சொல் எழுதுக.
1. விரைவு 2. வெற்றி 3. இலேசு 4. அயல்மொழி 5. முந்தினார்

உ. இரு தொடர்களை ஒரே தொடராக்குக.
எடுத்துக்காட்டு: மழை பெய்தது. ஓடுதளம் சேறாயிற்று. – மழை பெய்ததால் ஓடுதளம் சேறாயிற்று.
1. எமில் நோயுற்றார். மருத்துவமனையில் சேர்ந்தார்.
2. பனி உறைந்தது. எமில் காட்டுப் பாதையில் ஓடினார்.
3. எமில் பல மொழிகளைக் கற்றார். பலர் நண்பர் ஆயினர்.

ஊ. செயல்பாடு
வேலைக்காகச் சொந்த ஊரைவிட்டு வேறு ஊருக்குச் சென்ற ஒருவரை உம் குடும்பத்தில் அல்லது அண்டை வீட்டில் கண்டு பேசுக. புதிய ஊரில் அவர் சந்தித்த தடை ஒன்றையும், அதை அவர் எதிர்கொண்ட விதத்தையும் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் தமிழில் எழுதுக.